இலக்கணம் தெரிகிறது, பேச்சு வரவில்லை: வளர்ந்தபின் மொழி கற்பது எப்படி நடக்கிறது?

முப்பது, நாற்பது வயதில் ஜெர்மனோ ஜப்பானியமோ கற்கத் தொடங்குகிறவர்களில் பலரும் ஒரே இடத்தில் வந்து நின்றுவிடுகிறார்கள். ஆறேழு மாதம் ஒழுங்காகப் படித்திருப்பார்கள். பயிற்சிப் புத்தகத்தில் கோடிட்ட இடங்களைத் தப்பில்லாமல் நிரப்புவார்கள். அந்த மொழிக்காரர் ஒருவர் எதிரில் வந்து, "நேற்று எங்கே போயிருந்தீர்கள்?" என்று சாதாரணமாகக் கேட்டால் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது. "இந்த வயசில் இனிமேல் மொழியெல்லாம் ஏறாது" என்ற முடிவுக்கு வருவது அப்போதுதான். படிப்பை விட்டுவிடுவதும் பெரும்பாலும் அப்போதுதான்.

அந்த முடிவில் எனக்குச் சம்மதமில்லை. அவர்கள் படித்தது வீணாகவும் இல்லை, மூளை மழுங்கிப்போகவும் இல்லை. மொழியறிவில் இரண்டு வகை உண்டு: தெரிந்துவைத்திருப்பது ஒன்று, யோசிக்காமல் வருவது இன்னொன்று. இரண்டும் வெவ்வேறு வழியில் வளர்கின்றன. பெரியவர்கள் முதலாவதில் கெட்டிக்காரர்கள். அதை முடித்ததும் இரண்டாவதும் கூடவே வந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள், வராததைப் பார்த்து மனம் உடைகிறார்கள்.

விதி தெரிவதும் வாய்க்கு வருவதும்

தமிழிலேயே பார்க்கலாம். "நான் சாப்பிடுகிறேன்" என்கிறோம். "நான் பசிக்கிறேன்" என்று யாரும் சொல்வதில்லை; "எனக்குப் பசிக்கிறது" என்கிறோம். சாப்பிடுவதும் பசிப்பதும் ஒரே ஆளுக்குத்தான் நடக்கின்றன. பிறகு ஏன் ஓரிடத்தில் 'நான்', இன்னோரிடத்தில் 'எனக்கு'? பசி, தாகம், வலி, பிடித்தல், புரிதல் போல நாமாகச் செய்யாமல் நமக்கு நேர்கிறவற்றை நான்காம் வேற்றுமையில் வைத்துச் சொல்கிறோம். இதை விளக்கச் சொன்னால் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட பலர் திணறிப்போவார்கள். ஆனால் பேச்சில் ஒருவரும் தப்பு செய்வதில்லை. தமிழ் கற்கும் வெளிநாட்டவர் இரண்டாம் மாதத்திலேயே இந்த விதியை அழகாக எடுத்துச் சொல்லிவிடுவார். பசி எடுக்கும்போது அவர் வாயில் வருவதென்னவோ "நான் பசிக்கிறேன்"தான்.

இந்த இரண்டு அறிவும் மூளையின் வெவ்வேறு அமைப்புகளைச் சார்ந்தவை என்பதற்கு மருத்துவ வரலாற்றில் புகழ்பெற்ற ஒரு சான்று உண்டு. ஹென்றி மொலேசன் என்ற அமெரிக்கருக்கு வலிப்பு நோயைக் கட்டுப்படுத்த 1953இல் அறுவை சிகிச்சை செய்து, மூளையின் இரு பக்கத்திலும் ஹிப்போகேம்பஸ் பகுதியின் பெரும்பங்கை அகற்றினார்கள். அதன்பின் அவரால் புதிய தகவல் எதையும் நினைவில் வைக்க முடியவில்லை. உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவருக்கு ஒரு பயிற்சி கொடுத்தார்: கையை நேராகப் பார்க்காமல், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து நட்சத்திர வடிவத்தின் ஓரமாகக் கோடு வரைய வேண்டும். நாளுக்கு நாள் அவர் கை தேறிக்கொண்டே வந்தது. அப்படி ஒரு பயிற்சியைச் செய்ததாகவே அவருக்கு நினைவில்லை! தகவல் தங்காத மூளையில் பழக்கம் தங்கியது.

மொழியிலும் இதே இரு பாதைகள் வேலை செய்கின்றன என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். சொற்பொருளும் இலக்கண விதியும் முதலில் தகவலாக வந்து சேர்கின்றன. அவற்றைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும்போதுதான் அவை பழக்கமாக மாறுகின்றன. விதியை இன்னொரு முறை படித்தால் தகவல் வலுப்படும், அவ்வளவுதான்.

ஒரு வாக்கியத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். "நேற்று நான் பெர்லினுக்குப் போனேன்" என்பதை ஜெர்மனில் "இஷ் பின் கெஸ்டர்ன் நாஹ் பெர்லின் கெஃபாரன்" என்பார்கள். கற்பவர் இதைச் சொல்வதற்கு முன் மனத்துக்குள் என்ன நடக்கிறது? இறந்தகாலம், எனவே துணைவினை வேண்டும். பெரும்பாலான வினைகளுக்கு 'ஹாபெ' வரும். இது ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போவது, அதனால் 'பின்'. 'ஃபாரன்' ஒழுங்கான வினை இல்லை, ஆகவே 'கெஃபார்ட்' தப்பு, 'கெஃபாரன்' சரி. அதைக் கொண்டுபோய்க் கடைசியில் வைக்க வேண்டும். ஊர்ப்பெயருக்கு முன் 'நாஹ்'. ஒவ்வொன்றும் அவருக்குத் தெரியும். ஆனால் சாதாரணப் பேச்சில் இந்த ஆறு சொற்களுக்கும் சேர்த்து இரண்டு மூன்று விநாடிதான் கிடைக்கும். ஒரே நேரத்தில் மனத்தில் பிடித்துவைக்கக்கூடிய விஷயங்கள் எல்லோருக்குமே சொற்பம். இத்தனை தீர்மானங்களையும் அங்கே அடைத்தால் வாய் அடைத்துப்போவது இயல்புதான். இதற்குப் புத்திசாலித்தனத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லை.

வயதைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியவை

மொழி கற்பதற்கு ஒரு பருவம் உண்டு, பருவமடைந்தபின் அந்தக் கதவு மூடத் தொடங்குகிறது என்ற கருத்தை 1967இல் மொழியியலாளர் எரிக் லென்னபெர்க் விரிவாக முன்வைத்தார். அதிலிருந்துதான் 'வயசானால் வராது' என்ற பேச்சு பெரிதாகப் பரவியது. பின்னால் வந்த ஆய்வுகள் காட்டும் படம் அவ்வளவு எளிதாக இல்லை. நெதர்லாந்துக்குக் குடிவந்த ஆங்கிலம் பேசுகிறவர்கள் டச்சு மொழியைக் கற்றுக்கொண்ட விதத்தை ஆராய்ந்து 1978இல் ஓர் ஆய்வு வெளியானது. முதல் சில மாதங்களில் வேகமாக முன்னேறியவர்கள் பெரியவர்களும், 12 முதல் 15 வயது வரையிலான பிள்ளைகளும்தான். 3 முதல் 5 வயதுக் குழந்தைகள்தான் கடைசி. ஆண்டு முடிவில் 8 முதல் 10 வயதுப் பிள்ளைகளும் 12 முதல் 15 வயதுப் பிள்ளைகளும் பெரியவர்களைத் தாண்டிப்போனார்கள். ஆக, பெரியவர்களின் தொடக்கம் நல்ல வேகம். நீண்ட ஓட்டத்தில் பிள்ளைகள் முந்துகிறார்கள்.

2018இல் சுமார் 6,70,000 பேரிடம் இணையம் வழியாக ஆங்கில இலக்கணத் தேர்வு வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. இலக்கணம் கற்கும் திறன் 17, 18 வயது வரை ஏறக்குறைய அப்படியே இருந்து அதன்பின் குறைகிறது என்பது அதன் முடிவு. கணக்கிட்ட முறையை மறுத்தவர்களும் உண்டு. எப்படியிருந்தாலும் குறைவது வேறு, நின்றுபோவது வேறு. இத்தாலியில் 1680இல் பிறந்த பெஸ்கி, முப்பது வயதை ஒட்டித்தான் தமிழ்நாட்டுக்கு வந்து தமிழ் படித்தார். அவரைத்தான் நாம் வீரமாமுனிவர் என்கிறோம். அவருடைய தேம்பாவணியில் 3,615 விருத்தப் பாக்கள் உள்ளன.

வயதால் நிஜமாகவே அதிகம் பாதிக்கப்படுவது உச்சரிப்பு. போலந்துக்காரரான ஜோசப் கான்ராட் இருபது வயதுக்குப் பிறகுதான் ஆங்கிலத்தை முறையாகப் பழகினார். அவருடைய முதல் நாவல் 1895இல் வெளிவந்தது, ஆங்கில இலக்கியத்தின் பெரிய பெயர்களில் ஒன்றாக ஆனார். கடைசிவரை அவருடைய பேச்சில் போலந்து வாடை அடித்துக்கொண்டே இருந்தது. அந்த மொழியில் பிறந்தவரைப் போலவே ஒலிக்க வேண்டும் என்று வளர்ந்தபின் தொடங்குகிறவர்கள் தங்களை வதைத்துக்கொள்வது தேவையில்லாத வேலை என்பது என் கருத்து. எதிரில் இருப்பவர் சிரமப்படாமல் புரிந்துகொள்கிறாரா என்று மட்டும் பார்த்தால் போதும்.

காதைப் பழக்குவது

உச்சரிப்புக்கு முன்னால் காது இருக்கிறது. பிறந்து சில மாதமே ஆன குழந்தை உலக மொழிகளின் ஒலி வேறுபாடுகளைப் பெரும்பாலும் பிரித்துக் கேட்கிறது. ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலச் சூழலில் வளரும் குழந்தைகள் ஆறேழு மாதத்தில் இந்தியின் த, ட ஒலிகளை வேறுபடுத்திக் கேட்டன. ஒரு வயது நெருங்கும்போது பெரும்பாலான குழந்தைகளுக்கு அது முடியவில்லை. தன் மொழிக்குத் தேவையில்லாத வேறுபாடுகளை மூளை ஒதுக்கிவிடுகிறது.

நமக்கும் அப்படித்தான். பிரெஞ்சில் 'மேலே' என்பதற்கும் 'கீழே' என்பதற்கும் உள்ள சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டையும் 'தெஸூ' என்றுதான் எழுத வேண்டியிருக்கும். பிரெஞ்சுக்காரர் காதுக்கு அவை இரண்டும் தெளிவாக வேறு வேறு. 'கீழே'யில் வருவது நம்முடைய ஊகாரம். 'மேலே'யில் வரும் உயிர் தமிழில் கிடையாது. அதைச் சொல்ல ஒரு வழி: 'ஈ' என்று நீட்டிச் சொல்லுங்கள், நாக்கை அசைக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு உதட்டை மட்டும் 'ஊ' சொல்வதுபோல் குவியுங்கள். வருவதுதான் அந்த ஒலி. அடுத்து 'ஊ'வையும் இதையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பாருங்கள். உதடு இரண்டுக்கும் ஒன்றுதான், நாக்கு மட்டும் பின்னால் போய் முன்னால் வரும். வாயில் வித்தியாசம் பிடிபட்டால் காதிலும் மெல்ல மெல்லப் பிடிபடும்.

வளர்ந்த காதையும் பழக்க முடியும் என்பது நிரூபணமான விஷயம். ஆங்கிலத்தின் ர, ல இரண்டும் ஜப்பானியர் பலருக்கு ஒன்றுபோலக் கேட்கும். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அப்படிப்பட்ட பெரியவர்களுக்குப் பயிற்சி கொடுத்தபோது அவர்களிடம் முன்னேற்றம் தெரிந்தது. அந்தப் பயிற்சியில் முக்கியமானவை இரண்டு. ஒரே குரலை மட்டும் கேட்க வைக்காமல் பலருடைய குரலில் சொற்களைக் கேட்க வைத்தார்கள். ஒவ்வொரு முறையும் விடை சரியா தப்பா என்று உடனே சொன்னார்கள். நீங்களும் ஒரே ஆசிரியரின் ஒலிப்பதிவையே பிடித்துக்கொண்டிருக்காமல் ஆண், பெண், இளையவர், முதியவர் என்று கலந்து கேளுங்கள்.

சொற்கள்: எத்தனை, எப்படி

ஒரு மொழியில் அதிகம் புழங்கும் 2,000 சொற்களைக் கற்றால் சாதாரண எழுத்தில் 80 சதவீதம் வரை அடங்கிவிடும் என்று அடிக்கடி கேள்விப்படுவோம். ஆங்கிலத்தைப் பொறுத்தவரை அது ஏறக்குறைய உண்மைதான். ஆனால் 80 சதவீதம் என்றால் ஐந்தில் ஒரு சொல் தெரியாது. அது எப்படி இருக்கும் என்று பாருங்கள்:

"நேற்று மாலை அவர் ______ எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தார், ______ பற்றிக் கேட்டதும் எல்லோரும் ______ போய் அப்படியே நின்றார்கள்."

பதினைந்து சொற்களில் பன்னிரண்டு இருக்கின்றன. என்ன நடந்தது என்று மட்டும் தெரியவில்லை. அடிக்கடி புழங்கும் சொற்கள் வாக்கியத்தைக் கட்டிநிறுத்துகின்றன. விஷயத்தைச் சுமப்பவை பெரும்பாலும் அரிய சொற்கள். உதவியில்லாமல் ஒரு நூலை நிம்மதியாகப் படிக்க 98 சதவீதச் சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்பது மொழியியலாளர் பால் நேஷன் பயன்படுத்தும் அளவுகோல். ஆங்கில நாவலுக்கோ செய்தித்தாளுக்கோ அந்த அளவை எட்ட 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் தேவைப்படும் என்று 2006இல் அவர் கணக்கிட்டார். (ஒரு வேர்ச்சொல்லையும் அதன் வடிவங்களையும் சேர்த்து ஒரு குடும்பம்.)

இதைக் கேட்டு மலைக்க வேண்டாம். இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: கற்கும் காலத்தில் உங்கள் அளவுக்கு எழுதப்பட்ட எளிய நூல்களைப் படியுங்கள். பக்கத்துக்கு நாலைந்து புதிய சொற்களுக்கு மேல் வரக்கூடாது. ஐந்தில் ஒன்று தெரியாத செய்தித்தாளை அகராதியோடு மல்லுக்கட்டிப் படிப்பதில் வீராப்பு இருக்கலாம், மொழி வளராது. சுலபமான நூலை வேகமாக, நிறையப் படிக்கும்போதுதான் தெரிந்த சொற்களும் வாக்கிய அமைப்புகளும் மறுபடி மறுபடி கண்ணில் பட்டுப் பழக்கமாகின்றன.

மறதியைப் பற்றி ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885இலேயே எழுதிவிட்டார். பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தன்னையே சோதித்தார். முதல் சில மணி நேரத்திலேயே பெரும்பகுதி போய்விடுகிறது, பிறகு மறதியின் வேகம் குறைகிறது. அதனால் ஒரே நாளில் இருபது முறை ஒரு சொல்லைப் படிப்பதைவிட மறுநாள், மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போவது மேல். அன்கி போன்ற செயலிகள் செய்வது இதைத்தான். அவற்றில் ஒரு விஷயத்தை மட்டும் கவனிக்க வேண்டும். விடையைப் பார்த்துவிட்டு "ஆமா, தெரியும்" என்று தாண்டிப்போனால் பயனில்லை. விடை மறைந்திருக்கும்போதே நினைவிலிருந்து இழுத்துச் சொல்ல வேண்டும், முடிந்தால் வாய்விட்டு. அந்தச் சிரமம்தான் சொல்லைத் தங்கவைக்கிறது.

பேசினால்தான் பேச்சு வரும்

கேட்டுக்கொண்டும் படித்துக்கொண்டும் இருந்தாலே பேச்சு தானாக வந்துவிடும் என்று ஒரு கட்சி உண்டு. புரியும்படியான மொழி நிறையக் காதில் விழ வேண்டும் என்று 1980களில் மொழியியலாளர் ஸ்டீபன் கிராஷன் வலியுறுத்தியதில் பெரிய உண்மை இருக்கிறது. ஆனால் அது மட்டும் போதவில்லை. கனடாவில் ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைகளைப் பிரெஞ்சு வழியிலேயே எல்லாப் பாடமும் படிக்கவைத்த பள்ளிகளில், பல ஆண்டுகளுக்குப் பிறகும் பிள்ளைகளின் கேட்டுப் புரியும் திறன் பிரமாதமாக இருந்தது, பேச்சில் இலக்கணப் பிழைகள் மலிந்திருந்தன. இதை ஆராய்ந்த மெரில் ஸ்வெய்ன் 1985இல் சொன்னது: புரிந்துகொள்ள வாக்கியத்தின் சாரம் போதும். சொல்ல வரும்போதுதான் ஒவ்வொரு விகுதியையும் தேர்ந்தெடுத்தாக வேண்டும், அங்கேதான் தன்னிடம் இல்லாதது என்ன என்று கற்பவருக்குத் தெரிகிறது.

தெரிந்ததைப் பழக்கமாக மாற்ற எனக்குத் தெரிந்தவரை மிகச் சிக்கனமான பயிற்சி ஒன்று இருக்கிறது. ஆசிரியர்கள் அதை நான்கு-மூன்று-இரண்டு என்பார்கள். தெரிந்த ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள், நேற்றைய பொழுது எப்படிப் போனது என்பது போதும். அதை நான்கு நிமிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். திக்கும், தடுமாறும், பரவாயில்லை. அப்புறம் அதையே மூன்று நிமிடத்தில் சொல்லுங்கள். மறுபடி அதையே இரண்டு நிமிடத்தில். கேட்க ஆள் கிடைத்தால் ஒவ்வொரு முறையும் வேறு ஆளிடம், இல்லையென்றால் கைபேசியில் பதிவு செய்துகொண்டு. என்ன சொல்வது என்று மூன்றாம் முறை யோசிக்க வேண்டியதில்லை. எப்படிச் சொல்வது என்பதில் பாதியும் ஏற்கனவே கைக்கு வந்திருக்கும். முதல் முறை ஐந்து விநாடி தேடிய 'பின் ... கெஃபாரன்' மூன்றாம் முறை ஒரே மூச்சில் வரும். மூன்றிலும் ஒரே இடத்தில் தடுக்கியிருந்தால், அன்றைக்கு இலக்கணப் புத்தகத்தில் பார்க்க வேண்டியது அந்த ஒரு பக்கம்தான்.

தாய்மொழியில் நுணுக்கமாகப் பேசிப் பழகியவருக்குப் புதிய மொழியில் ஐந்து வயதுப் பிள்ளைபோலப் பேச நேர்வது உறுத்தும். அந்த உறுத்தலால் வாயைத் திறக்காமலே இருந்துவிடுகிறவர்கள் பலர். அவர்களுக்குத் தனியாகப் பதிவு செய்து பேசும் இந்த முறை ரொம்ப உதவும்.

எவ்வளவு காலம் ஆகும்?

'முப்பது நாளில் சரளமாகப் பேசலாம்' என்ற விளம்பரங்களை நம்பாதீர்கள். அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் தன் அதிகாரிகளுக்குப் பல ஆண்டுகளாக மொழி கற்பித்துவருகிறது. ஆங்கிலம் பேசுகிறவர் ஸ்பானிஷ், பிரெஞ்சு போன்ற மொழிகளில் அலுவல் பார்க்குமளவு தேற 600 முதல் 750 வகுப்பு மணி நேரம், அரபு, சீனம், ஜப்பானியம், கொரியத்துக்குச் சுமார் 2,200 மணி நேரம் என்பது அவர்கள் அனுபவக் கணக்கு. அதுவும் முழுநேரப் படிப்பு. தினம் அரை மணி நேரம் ஒதுக்குகிறவருக்கு ஆண்டுக்கு 180 மணி நேரம் சேரும்; 600 மணிக்கே மூன்று ஆண்டுக்கு மேல் ஆகும். கடைக்குப் போய்ப் பேசவும் வழி கேட்கவும் அவ்வளவு வேண்டாம், அதற்கு இதில் சிறு பங்கே போதும்.

அந்தக் கணக்கு ஆங்கிலம் பேசுகிறவர் வாயை வைத்துப் போட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஜப்பானியத்தில் "வதாஷி வா மிஸு ஒ நொமிமஸ்" என்றால் 'நான் தண்ணீரைக் குடிக்கிறேன்'. வதாஷி நான், மிஸு தண்ணீர், ஒ நம்முடைய 'ஐ' உருபுபோல, நொமிமஸ் குடிக்கிறேன். வினை கடைசியில் வருவது, உருபு சொல்லுக்குப் பின்னால் ஒட்டுவது எல்லாம் தமிழர்களுக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம். கொரியமும் துருக்கியும்கூட இப்படித்தான். ஜப்பானிய எழுத்து எல்லோரையும் போல நம்மையும் படுத்தும். வாக்கிய அமைப்பில் நமக்குக் கிடைக்கும் சலுகை நிஜமானது.

நடுவில் வரும் தேக்கம்

ஐரோப்பிய கவுன்சில் 2001இல் வெளியிட்ட ஏ1 முதல் சி2 வரையிலான ஆறு மொழித்திறன் படிநிலைகள் இன்று எங்கும் புழங்குகின்றன. முதல் இரண்டு படிகளில் வாரத்துக்கு வாரம் வளர்ச்சி தெரியும், ஏனென்றால் அங்கே கற்கும் ஒவ்வொரு சொல்லும் எல்லாப் பக்கத்திலும் எதிர்ப்படுகிறது. நடுப்படிகளான பி1, பி2 வரும்போது மாதக் கணக்கில் ஒன்றும் நகராதது போலிருக்கும். இப்போது கற்கும் சொல் பல பக்கத்துக்கு ஒருமுறைதான் வரும்; அதற்குள் மறந்திருக்கும். இந்தக் கட்டத்தில் கண்டதையும் படிக்காமல் ஒரே துறையில் ஊன்றிப் படிப்பது நல்லது. சமையலோ கால்பந்தோ வானியலோ, உங்களுக்குப் பிடித்த ஒன்று. ஒரே எழுத்தாளரின் நூல்களை வரிசையாகப் படித்தாலும் சரி. அந்தச் சிறு வட்டத்துக்குள் அரிய சொற்களும் அடிக்கடி வரத் தொடங்கிவிடும்.

வேலை, குடும்பம், உடம்பு என்று ஏதாவது ஒன்றால் படிப்பு சில மாதம் விட்டுப்போவதும் பெரியவர்கள் வாழ்வில் நடக்கும். எபிங்ஹாஸ் அதையும் அளந்திருக்கிறார்: சுத்தமாக மறந்ததாகத் தோன்றும் பட்டியலைத் திரும்பக் கற்க, முதல் முறையைவிடக் குறைந்த நேரமே பிடித்தது. எனவே திரும்ப வரும்போது முதல் பாடத்திலிருந்து தொடங்காதீர்கள். விட்ட இடத்துக்கு ஒரு படி கீழே உள்ள, முன்பே படித்து முடித்த எளிய கதை ஒன்றை எடுத்து ஒரு வாரம் கேளுங்கள், படியுங்கள், வாய்விட்டுச் சொல்லுங்கள். எந்தச் சொற்கள் திரும்பி வரவில்லையோ அவற்றை மட்டும் அட்டையில் எழுதிக்கொண்டு மேலே போங்கள்.